கருத்தடையும் வளர்ப்பு நாய்களின் உடல்நலமும்

கண்டி மாநகரின் மஹய்யாவ போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் இடையே தெளிவான எல்லை கிடையாது. பகலில் வாசலில் படுத்திருக்கும் நாய் இரவில் வீதியெங்கும் சுற்றித் திரிகிறது. தெரு நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை 2006 ஆம் ஆண்டில் இலங்கை ஏற்றதன் பின்னர், அவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தக் கருத்தடையே பிரதான வழியாகியுள்ளது.

ஆயினும், சத்திரசிகிச்சையால் பிராணிக்குப் பிற்காலத்தில் நோய் வருமோ என்ற ஐயம் வளர்ப்போரிடம் உண்டு. அதனை அறியாமை என ஒதுக்கிவிட முடியாது.

சூலகமோ விதையோ அகற்றப்படும்போது அவை சுரக்கும் ஹோர்மோன்களும் அற்றுப்போகின்றன. எலும்பு வளர்ச்சி உரிய காலத்தில் நிற்பதற்கு இந்த ஹோர்மோன்கள் அவசியமானவை. ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்கள் குறித்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கருத்தடை செய்யப்படாத ஆண் நாய்களில் 7 சதவீதமானவற்றுக்கே மூட்டு நோய் இருந்தது. ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்யப்பட்டவற்றில் அது 21 சதவீதமாகும். எனினும், 2020 இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது, சிறிய இனங்களில் மூட்டு நோய் குறிப்பிடத்தக்க அளவில் அதிகரிக்கவில்லை எனத் தெரியவந்தது. பெண் நாய்கள் சிலவற்றில் சிறுநீர்க் கசிவும், இருபாலிலும் உடற்பருமனும் ஏற்படக்கூடும்.

மறுபுறத்தில் நன்மைகளும் பெரியவை. பெண் நாய்களின் உயிரைப் பறிக்கும் கருப்பைச் சீழ்நோய் தவிர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, கருத்தடை செய்யப்பட்ட ஆண் நாய்களின் ஆயுள் 13.8 சதவீதமும் பெண் நாய்களின் ஆயுள் 26.3 சதவீதமும் கூடுதலாக இருந்ததெனக் கூறுகிறது. அவற்றில் புற்றுநோய் மரணங்கள் கூடியிருந்தன. தொற்றுநோயாலும் விபத்தாலும் நேரும் மரணங்கள் குறைந்திருந்தன. நமது வீதிகளில் திரியும் நாய்களை அச்சுறுத்துபவை பெரும்பாலும் பின்னைய இரண்டுமே.

ஆகவே, எல்லா நாய்க்கும் ஒரே விதி பொருந்தாது. மதிலுக்குள் வளரும் பெரிய இன நாய்க்கு, மிருக வைத்தியரின் ஆலோசனையுடன் ஒரு வயது கடக்கும்வரை காத்திருக்கலாம். சுற்றித் திரியும் நாட்டு நாய்க்குத் தாமதம் செய்வதே ஆபத்து. சத்திரசிகிச்சைக்குப் பதிலாகக் கருத்தடை ஊசியை நாடுவதும் உகந்ததன்று. அது கருப்பை நோய்க்கு வழிவகுக்கக்கூடும்.

சத்திரசிகிச்சையோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. உணவின் அளவைக் குறைக்க வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைத் தொடர வேண்டும். கருத்தடை முகாம்களை நடத்துவோர் இவற்றை மக்களுக்கு எடுத்துரைப்பதும் அவசியம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் அருகிலேயே உள்ள கண்டி, இதில் நாட்டுக்கு முன்மாதிரியாகத் திகழ முடியும்.