செம்பும் அதன் சுற்றமும்

உலோகங்களை இரும்பினம் என்றும், இரும்பல்லாதன என்றும் இருவகையாகப் பகுப்பர். செம்பு, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம், அலுமினியம், நிக்கல் முதலியன இரும்பல்லாதன. இவற்றுள் மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கைக்கொண்டவற்றுள் ஒன்று செம்பு. அது தனித்து நின்று ஆற்றும் பணி சில. பிறவற்றோடு கூடி ஆற்றும் பணி பல. கூடும் பொருளும் அதன் அளவும் மாறுந்தோறும் செம்பின் பண்பும் மாறும்.

தூய செம்பு மென்மையானது. அதனைத் தகடாக அடிக்கலாம். மெல்லிய கம்பியாக இழுக்கலாம். மின்சாரத்தைக் கடத்துவதில் அது வெள்ளிக்கு அடுத்த நிலையில் உள்ளது. ஆனால், நூற்றுக்கு 30 பங்கு துத்தநாகத்தை அதனோடு சேர்த்தால், அவ்வாற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்துவிடும். ஆதலின், மின்கம்பிக்குத் தூய செம்பே ஏற்றது. கலப்பு எங்கும் நன்மை பயப்பதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

செம்பும் துத்தநாகமும் கூடியது பித்தளை. இதனைச் செய்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். ஆகவே, செம்பை முதலில் உருக்கிப் பின்னரே துத்தநாகத்தைச் சேர்ப்பர். அப்பொழுதும் அதில் ஒரு பகுதி வெண்புகையாய்ப் போய்விடும். துத்தநாகம் 30 பங்கு கலந்த பித்தளை, குடமும் தவலையும் அடிப்பதற்கு ஏற்ப நன்கு வளைந்து கொடுக்கும். 40 பங்கு கலந்ததோ வலிமை மிக்கது.

செம்பும் வெள்ளீயமும் கூடியது வெண்கலம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் பண்டைக்கால வெண்கலக் கலங்கள் அகழ்ந்தெடுக்கப்பெற்றுள்ளன. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுவது. அது சேர்வதால் வெண்கலம் செம்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகி, அச்சின் நுண்ணிய இடுக்குகளிலும் ஓடி நிறையும். வெள்ளீயம் பத்துப் பங்கானால் கலவை செம்பினும் கடினமாகும். இருபது பங்கை எட்டினால் தட்டியவுடன் இனிய ஒலி நெடுநேரம் எழும். கோயில் மணிக்கு ஏற்றது இதுவே. ஆயினும், அது வளைந்து கொடாது. ஓங்கி அடித்தால் உடையும்.

நிக்கல் 25 பங்கு சேரின் செம்பின் செந்நிறம் முற்றும் மறைந்து, கலவை வெண்மை பெறும். பல நாடுகளின் நாணயங்கள் இதனால் செய்யப்பெற்றவை. செம்பு சிறுபான்மையாய் நின்று உதவுவதும் உண்டு. அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உடையது, ஆனால் மென்மையானது. 1906-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ஆல்பிரட் வில்ம் என்பார், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றி நீரில் தோய்த்து வைத்தார். சில நாட்களில் அது தானே உறுதி பெறக் கண்டார். துராலுமின் எனப் பெயர் பெற்ற அக்கலவை விமானங்களுக்கு உடலாயிற்று.

இவ்வறிவு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று, அடுக்களைக்கும் வேண்டுவதே. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த உணவு நெடுநேரம் இருப்பின் களிம்பு உண்டாகும். அதனை உண்டார்க்கு வயிற்று நோயும் வாந்தியும் வரும். அதனைத் தடுக்கவே, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவித் துடைத்து, உட்புறத்தில் ஈயம் பூசுவர். பூசத்தக்கது வெள்ளீயமே. காரீயமோ நஞ்சு; உடலிற் சிறிது சிறிதாகச் சேர்ந்து, சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இரண்டனையும் ‘ஈயம்’ என்று பொதுவாக வழங்குவதால் தீங்கு நேர இடமுண்டு.

வெள்ளீயம் வெண்ணிறமானது, அதன் கோலை வளைத்தால் முறுமுறுவென்னும் ஒலி எழும். காரீயம் சாம்பல் நிறமானது, அதிக எடையுடையது, தாளில் தேய்த்தால் கருங்கோடு இடும். இரண்டும் கலந்திருப்பின் கண்ணாலும் செவியாலும் அறிதல் அரிது, ஆய்வுக்கூடமே காட்டவல்லது. ஆகவே, ஈயம் பூசுவிப்போரும் ஈயப் பாத்திரம் வாங்குவோரும் அஃது எந்த ஈயம் என்பதை முதலில் கேட்டுத் தெளிதல் வேண்டும்.