தொடரேட்டுக் கல்விக் குழு

வேற்று மாநிலங்களிற் சென்று குடியேறிய தமிழர், கால் ஊன்றிய இடங்களில் எல்லாம் சங்கமும் பள்ளியும் கண்டனர். மும்பை மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-ஆம் ஆண்டில் தோன்றியது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இலும் தொடங்கப்பெற்றன. அக்காலத்தில் குடியேறியவர்களிற் பலர் எழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்றினர். இன்று அவர்தம் வழிவந்தோரும், அவர்களுக்குப் பின் சென்றோரும் பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் கணிப்பொறிக்கு நிரல் எழுதுகின்றனர். இவர்களுள் ‘பிளாக்செயின்’ என்னும் புதுத் துறையைக் கற்க விழைவோர் பலர். அறையிலே தனித்திருந்து படம் பார்த்துக் கற்பதினும், பத்துப் பேர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து கற்பது எளிது. அத்தகைய குழு ஒன்றை நம் ஊரிலே அமைப்பது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1975-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் ‘ஹோம்பிரூ கணிப்பொறிக் கழகம்’ முதன்முதலாகக் கூடிற்று. அதற்கு வந்தவர்களுள் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒருவர். தாம் அமைத்த கணிப்பொறியின் மின்சுற்று வரைபடத்தை அவர் அங்கே பிறருக்கு இலவசமாகவே வழங்கினார். சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுவினர் மாதந்தோறும் கூடிப் பயின்றதை நம்முள் சிலர் அறிவர். இவற்றுக்குக் கட்டடமோ பெருநிதியோ அடிப்படையாக இருக்கவில்லை. குறித்த நாளில் தவறாது கூடுதல், தெரிந்ததை மறைக்காது சொல்லுதல் என்னும் இரண்டே போதியவாயின.

பிளாக்செயின் என்பது யாது? அது ஒரு பேரேடு. வணிகர் வைத்திருக்கும் பேரேடு ஒருவர் கையில் இருக்கும். இதுவோ பலர் கையிலும் ஒரே படியாக இருக்கும். ஒவ்வோர் ஏடும் தனக்கு முந்திய ஏட்டின் அடையாளத்தைத் தன் தலையிலே சுமந்து நிற்பதால், இதனைத் தொடரேடு என்று கூறலாம். சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பிட்காயின் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 2009 சனவரி 3-ஆம் நாள் அதன் முதல் ஏடு எழுதப்பெற்றது. விட்டாலிக் புட்டெரின் வகுத்த எத்தீரியம் 2015 சூலையில் இயங்கத் தொடங்கிற்று. பணக்கணக்கை மட்டுமன்றி நிரல்களையும் அப்பேரேட்டிலேயே எழுதி இயக்க அது வழி செய்தது.

முதற் கூட்டத்தில் கணிப்பொறியைத் திறக்கவே வேண்டா என்பது நம் கருத்து. வந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் போதும். ஏடுதோறும் ஒரு கொடுக்கல் வாங்கலை எழுதுக. அதன் தொகையை ஏட்டின் எண்ணாற் பெருக்கி, முந்திய ஏட்டின் முத்திரை எண்ணைக் கூட்டி, 97-ஆல் வகுக்க வரும் மீதியை அவ்வேட்டின் முத்திரையாகக் கொள்க. முதல் ஏட்டில் 50 ரூபாய். முன்னே ஏடு இல்லாமையால் முத்திரை 50. இரண்டாம் ஏட்டில் 30 ரூபாய். இரண்டாற் பெருக்க 60, அதனுடன் 50 சேர்க்க 110, முத்திரை 13. மூன்றாம் ஏட்டில் 20 ரூபாய். மூன்றாற் பெருக்க 60, அதனுடன் 13 சேர்க்க 73. இனி, ஒருவர் தம் குறிப்பேட்டில் முதல் ஏட்டின் 50-ஐ அழித்து 40 என்று திருத்தட்டும். இரண்டாம் முத்திரை 3 ஆகும்; மூன்றாவது 63 ஆகும். எல்லோரும் தத்தம் கடைசி எண்ணை உரக்கப் படித்தால், ஒன்பது குரல்கள் ‘எழுபத்து மூன்று’ என, ஒரு குரல் மட்டும் ‘அறுபத்து மூன்று’ என்னும். எங்கோ கை வைத்தாயிற்று என்பதை அறிய ஏடுகளை முழுதும் புரட்டவும் வேண்டியதில்லை.

கூட்டத்தில் கூரிய மதியுடையார் ஒருவர் இருப்பின், 50-ஐ 147 என்று மாற்றினால் முத்திரை மாறாதே என்று கேட்பார். கேட்க வேண்டும், அக்கேள்வி எழும் வரையில் காத்திருத்தலே ஆசிரியர்க்கு அழகு. 147-ஐ 97-ஆல் வகுத்தாலும் மீதி 50 தானே? நம் முத்திரை எளியது; ஆதலின் அதனை ஏமாற்றலாம். மெய்யான தொடரேட்டில் இவ்விடத்தே ‘ஹாஷ்’ என்னும் கணிதச் சார்பு நிற்கிறது. பிட்காயின் கையாளும் சார்பு எவ்வளவு நீண்ட செய்தியையும் 256 இருமக் குறிகள் கொண்ட ஓர் எண்ணாக ஆக்குகிறது. செய்தியில் ஓர் எழுத்து மாறினும் எண் முற்றிலும் வேறாகும். ஒரே எண்ணைத் தரும் இரண்டு செய்திகளை இதுவரை எவரும் கண்டெடுக்கவில்லை. இதனைப் படித்து மனனம் செய்தவர் மறப்பர்; 147 என்ற ஓட்டையைத் தாமே கண்டவர் மறவார்.

அடுத்த ஏட்டை எழுதும் உரிமை யாருக்கு என்பது இரண்டாம் கூட்டத்துப் பொருளாகலாம். பிட்காயினில் மின்சாரத்தைச் செலவிட்டுக் கடிய கணக்கொன்றை முதலில் விடுவிப்பவருக்கு அவ்வுரிமை. எத்தீரியத்திலும் அதுவே முறையாக இருந்து, 2022 செப்டம்பரில், நாணயத்தைப் பிணையாக வைத்தவர்களிலிருந்து ஒருவரைத் தேரும் முறைக்கு மாறிற்று. அதனால் அதன் மின்செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்தது.

அதன் பின்னர் நிரலைப் படித்தல். எழுதுவதற்கு முன் பிறர் பிழையைப் படிப்பது நன்று. 2016 சூனில் எத்தீரியத்தில் இயங்கிய ‘டி.ஏ.ஓ.’ என்ற பொதுநிதியிலிருந்து ஏறக்குறைய 36 இலட்சம் ஈதர் நாணயம் ஒருவரால் உறிஞ்சப்பட்டது. பூட்டை எவரும் உடைக்கவில்லை. பற்று எழுதுமுன் பணத்தை நீட்டிவிடும் கணக்கரைப் போல, அந்நிரல் இருப்பைக் குறைப்பதற்கு முன்னரே தொகையை அனுப்பிற்று; வாங்கியவரின் நிரல் அந்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் கை நீட்டிற்று. இரண்டு வரிகளின் வரிசை மாறியதால் விளைந்த கேடு இது. அடுத்த மாதம் பெரும்பான்மையோர் பேரேட்டையே மாற்றிப் பணத்தை மீட்டனர். மாற்றுதல் தகாது என்ற சிறுபான்மையோர் பழைய ஏட்டையே தொடர்ந்து, எத்தீரியம் கிளாசிக் எனத் தனியே பிரிந்தனர். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு மாலைப்பொழுது முழுதும் வாதிடலாம். தமிழர் கூடும் இடத்தில் வாதத்துக்குப் பஞ்சம் இராது.

இனி, கண்டிப்பாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. குழுவில் நாணயம் வாங்கல், விற்றல், ஆதாயம் பற்றிய பேச்சுக்கு இடம் அளிக்கலாகாது. வெளியூரில் வாழ்வோரிடையே ‘நம் ஊர்க்காரர்’, ‘நம் மொழி பேசுவோர்’ என்னும் நம்பிக்கை விரைவிற் பரவும்; வாடகை வீடும் வேலையும் அதனால் கிடைக்கின்றன. வஞ்சகமும் அதே வழியில்தான் நடந்து வருகிறது. ‘கெயின் பிட்காயின்’ என்ற திட்டம், மாதந்தோறும் நூற்றுக்குப் பத்து வீதம் தருவதாகச் சொல்லி இந்தியாவெங்கும் மக்களிடம் திரட்டிற்று. அதனை நடத்தியவர் 2018-இல் கைது செய்யப்பட்டார். தொடரேட்டின் இயல்பை ஒருநாள் கற்றவர்கூட, ‘இந்த ஆதாயம் எந்த ஏட்டில் எழுதப்படுகிறது?’ என்று கேட்டிருப்பர். கல்விக் குழுவின் பெயரால் ஒருவர் ஒருமுறை பணம் கேட்டுவிட்டால், பின்னர் அக்குழுவை எவரும் நம்பார், நம்பாதிருத்தலே முறையுமாகும்.

சட்டத்தின் நிலையையும் அறிந்திருத்தல் நலம். 2018 ஏப்ரலில் ரிசர்வு வங்கி, இந்நாணய வணிகத்துக்குச் சேவை அளிக்க வேண்டா என வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2020 மார்ச்சு 4-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இவற்றால் வரும் ஆதாயத்துக்கு நூற்றுக்கு 30 வீதம் வரி விதித்தது. இவை வணிகம் பற்றியன, கற்பார்க்குத் தடையில்லை. பயிற்சியைத் தம் கணிப்பொறிக்குள்ளேயே அமையும் சிறு தொடரேட்டிலோ, பயனில்லா நாணயம் வழங்கும் சோதனை வலையமைப்பிலோ நடத்துக. மெய்ப்பணம் உள்ள பணப்பையின் 12 அல்லது 24 மறைசொற்களை எவரும் எவருக்கும் காட்டலாகாது. ‘உதவி செய்கிறேன்’ என்று கேட்பவரை அன்றே வெளியனுப்புக.

இடத்துக்குச் சங்கத்தின் வாசகசாலையையோ, உறுப்பினர் ஒருவரின் வீட்டையோ கேட்கலாம். பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். ஹாஷ், நோட், வாலட் என்பனவற்றை அப்படியே வழங்கினால் குற்றமில்லை. கன்னடமோ மராத்தியோ பேசும் தோழர் ஒருவர் வந்து அமர்ந்தால், அவர்க்கு விளங்கும் மொழியிற் பாதி நேரம் பேசுக. நாம் வாழ்வது அவர் ஊரில். ஒவ்வொரு கூட்டத்தையும் வேறொருவர் நடத்துவாராக. வல்லுநர் ஒருவரையே நம்பிய குழு, அவர் வேலை மாறி வேறு நகர் சென்றதும் கலைந்துவிடும். நம்மவர் வேலை மாறுவது அடிக்கடி நிகழ்வது.

உறுப்பினர் எவரேனும் புதிய திட்டமொன்றைக் கொணர்ந்தால், முதலில் கேட்க வேண்டுவது இது: எல்லோரும் நம்பும் ஒரு கணக்கர் ஒரு பேரேட்டை வைத்திருந்தால் இவ்வேலை முடியாதா? முடியுமாயின், அதற்குத் தொடரேடு வேண்டா. சங்கத்தின் சந்தாக் கணக்குக்கு வேண்டா. ஒருவரை ஒருவர் நம்பாத பல நிறுவனங்கள் ஒரே சரக்கின் போக்குவரவைப் பதிய வேண்டுமாயின், வேண்டுவதாகலாம். கொணரும் திட்டங்களிற் பெரும்பாலானவை இக்கேள்வியிலேயே நின்றுவிடும். எஞ்சி நிற்கும் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு, ஐந்தாம் மாதத்திலிருந்து குழுவினர் சேர்ந்து நிரல் எழுதத் தொடங்கலாம்.