கணினிக்குள் நுழைய முடியவில்லையா? அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள்



ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் பதற்றத்தோடு அழைத்தார். "சார், மடிக்கணினியைத் திறந்தா டெஸ்க்டாப் காலியா இருக்கு. மூனு வருஷமா சேர்த்து வச்ச பயிற்சித்தாள் எல்லாம் போச்சு!" மறுநாள் மாதச் சோதனை. வேறு வழியில்லாமல் அவர் அந்தக் காலி டெஸ்க்டாப்பிலேயே உட்கார்ந்து, இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் புதிதாக ஒரு கேள்வித்தாள் தயாரித்து, 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையில் சேமித்துவிட்டுக் கணினியை அடைத்தார். காலையில் திறந்தபோது அந்தக் கேள்வித்தாளும் இல்லை.

பிறகு நாங்கள் சோதித்துப் பார்த்தோம். போய்விட்டதாக அவர் அழுத மூன்று ஆண்டுக் கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. உண்மையில் அழிந்தது அந்த இரவு தட்டச்சு செய்த கேள்வித்தாள் மட்டும்தான். ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொண்டால், இந்தச் சிக்கலில் பாதிப் பயம் போய்விடும்.

பயனர் விவரம் என்றால் என்ன?

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனிக் கோப்புறை உண்டு. அது 'சி' டிரைவில், 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள், உங்கள் பெயரில் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதே கோப்புறையில் 'என்.டி.யூசர்.டாட்' என்று மறைந்திருக்கும் ஒரு கோப்பும் உண்டு. உங்கள் திரைப்பின்னணி, விசைப்பலகைத் தேர்வு, மென்பொருள் அமைப்புகள் போன்றவை அதில் பதிவாகியிருக்கும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் 'யூசர் ப்ரொஃபைல்'. இந்தக் கட்டுரையில் 'பயனர் விவரம்' என்று சொல்வோம்.

நாம் கடவுச்சொல்லைத் தட்டியதும், எந்தப் பயனருக்கு எந்தக் கோப்புறை என்று விண்டோஸ் தன் பதிவேட்டில் பார்க்கும். பிறகு அந்த மறைவுக் கோப்பைத் திறக்கும். பதிவேட்டில் குழப்பம் இருந்தாலோ, அந்தக் கோப்பு பழுதாகியிருந்தாலோ உள்ளே விடாது. வீட்டுச் சாவித்துவாரம் பழுதானால் வீட்டுக்குள் இருக்கும் பொருள் காணாமல் போய்விடாது, இல்லையா? அதே கதைதான்.

மின்சாரம் திடீரென்று போவது, 'அப்டேட்' ஓடும்போது பொறுமையில்லாமல் பொத்தானை அழுத்தி அடைப்பது, வட்டு நிரம்பி வழிவது, பழைய வட்டு பழுதாகத் தொடங்குவது ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். சில நேரம் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

இரண்டு அறிகுறிகள்

முதலாவது: கடவுச்சொல் சரியாக இருந்தும், 'யூசர் ப்ரொஃபைல் சர்வீஸ்' உள்நுழைவில் தோல்வியடைந்தது, பயனர் விவரத்தை ஏற்ற முடியவில்லை என்ற ஆங்கிலச் செய்தி வந்து, மறுபடியும் நுழைவுத் திரைக்கே திரும்பிவிடும். கடவுச்சொல் தவறு என்று செய்தி வந்தால் அது வேறு பிரச்சினை. இங்கே கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது: உள்ளே விட்டுவிடும், ஆனால், டெஸ்க்டாப் புத்தம் புதிதாகக் காலியாக இருக்கும். 'டெம்பரரி ப்ரொஃபைல்' என்ற செய்தியும் மூலையில் வரலாம். அந்த ஆசிரியைக்கு நடந்தது இதுதான். உங்கள் கோப்புறையைத் திறக்க முடியாததால், விண்டோஸ் ஒரு தற்காலிகக் கோப்புறையைக் கொடுத்திருக்கிறது. நீங்கள் வெளியேறியதும் அதிலுள்ளதை அழித்துவிடும். ஆகவே, காலி டெஸ்க்டாப்பைப் பார்த்தால் அங்கே எந்த வேலையும் செய்யாதீங்க. ஏற்கனவே ஏதாவது செய்துவிட்டால், அடைப்பதற்கு முன் அதைப் பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

கணினி பள்ளிக்குச் சொந்தமானது என்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டு, பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கீழே உள்ளவை சொந்தக் கணினிக்கு மட்டுமே.

படி 1: மறுதொடக்கம்

முதலில் 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' போதாது. பல கணினிகளில் 'ஷட் டவுன்' செய்தாலும் விண்டோஸின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். இரண்டு, மூன்று தடவை மறுதொடக்கம் செய்து பாருங்கள். தற்காலிகத் தடை என்றால் இதிலேயே சரியாகிவிடும்.

படி 2: கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

எதையும் பழுதுபார்ப்பதற்கு முன், கோப்புகளின் நகல் எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கணினியில் நிர்வாகி உரிமையுள்ள இன்னொரு பயனர் கணக்கு (கணவருடையதோ அண்ணனுடையதோ) இருந்தால் அதன்வழி நுழையுங்கள். 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லும்; 'கண்டினியூ' அழுத்துங்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள், 'ஒன்டிரைவ்' கோப்புறை இருந்தால் அதுவும் என எல்லாவற்றையும் வெளிவட்டுக்கு நகலெடுங்கள்.

வேறு கணக்கு இல்லை, உள்ளேயும் நுழைய முடியவில்லை என்றால், நுழைவுத் திரையில் 'ஷிப்ட்' விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத்திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று போய், எண் 4-ஐ அழுத்தினால் 'சேஃப் மோட்' திறக்கும். சில கணினிகள் இங்கே 'பிட்லாக்கர்' மீட்புக் குறியீட்டைக் கேட்கும். 48 இலக்கங்கள் கொண்ட அந்தக் குறியீடு, பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசி வழி அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம்.

படி 3: பதிவேட்டைத் திருத்துதல்

இது கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. கை நடுங்கினால் நேராகப் படி 4-க்குப் போய்விடுங்கள், தப்பில்லை.

நிர்வாகி கணக்கில் இருந்துகொண்டு, ஸ்டார்ட் பட்டியலில் 'ரெஜிஸ்ட்ரி எடிட்டர்' என்று தேடித் திறங்கள். முதல் வேலையாக 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்' வழி பதிவேட்டின் நகலைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு 'ஹெச்கீ லோக்கல் மெஷின்', 'சாஃப்ட்வேர்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ் என்.டி.', 'கரண்ட் வெர்ஷன்', 'ப்ரொஃபைல் லிஸ்ட்' என்ற வரிசையில் உள்ளே செல்லுங்கள்.

அங்கே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பயனர். ஒவ்வொன்றையும் சொடுக்கி, வலப்பக்கத்தில் 'ப்ரொஃபைல் இமேஜ் பாத்' என்ற வரியைப் பாருங்கள். உங்கள் கோப்புறைப் பெயர் எதில் இருக்கிறதோ அதுவே உங்கள் எண்.

ஒரே எண் இரண்டு முறை இருந்து, ஒன்றின் இறுதியில் '.பேக்' (புள்ளி, பி, ஏ, கே) என்று இருந்தால் சிக்கல் அங்கேதான். '.பேக்' இல்லாததன் பெயரின் இறுதியில் '.ஓல்ட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து மாற்றுங்கள். அடுத்து, '.பேக்' உள்ளதிலிருந்து அந்தப் புள்ளியையும் மூன்று எழுத்துகளையும் மட்டும் நீக்குங்கள். உங்கள் எண் '.பேக்' உடன் ஒரே ஒருமுறை இருந்தால், அதை நீக்கினாலே போதும். பிறகு, திருத்திய எண்ணைச் சொடுக்கி, வலப்பக்கத்தில் 'ஸ்டேட்' என்பதன் மதிப்பை 0 ஆக்குங்கள். 'ரெஃப்கவுண்ட்' இருந்தால் அதையும் 0 ஆக்குங்கள். மறுதொடக்கம் செய்து உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். அந்த ஆசிரியையின் மடிக்கணினி இந்தப் படியிலேயே சரியாகிவிட்டது.

படி 4: புதிய கணக்கு

பதிவேடு சரியாக இருந்தும் நுழைய முடியவில்லை என்றால், மறைவுக் கோப்பே பழுதாகியிருக்கும். அதைச் சரிசெய்வதைவிடப் புதுக் கணக்கு திறப்பது எளிது. 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்' கீழ் புதிய பயனரைச் சேர்த்து, 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வகைக்கு மாற்றுங்கள். அதில் நுழைந்து, படி 2-இல் எடுத்த கோப்புகளைப் புதிய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் கோப்புறைகளுக்கு மாற்றுங்கள். பழைய கோப்புறையை மொத்தமாகத் தூக்கி வைக்காதீங்க, 'என்.டி.யூசர்' என்று தொடங்கும் கோப்புகள் கூடவே வந்தால் பழுதும் கூடவே வரும்.

புதிய கணக்கில் சில விஷயங்கள் நம்மோடு வராது. தமிழ் விசைப்பலகையை மறுபடியும் தேர்வு செய்ய வேண்டும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் கோப்பை நகலெடுப்பதால் கிடைக்காது. தமிழாசிரியர்களுக்கு இன்னொன்று: ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கேள்வித்தாள்கள், புதிய கணக்கில் புரியாத குறியீடுகளாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதைய விண்டோஸில் எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது ஒரு பயனருக்கு மட்டுமே சேரும். எழுத்துருக் கோப்பை வலச்சொடுக்கி, 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுத்தால் எழுத்துகள் திரும்ப வந்துவிடும்.

படி 5: வட்டைச் சோதியுங்கள்

'திஸ் பி.சி.'யில் 'சி' டிரைவை வலச்சொடுக்கி, 'ப்ராபர்ட்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்' கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் இதே சிக்கல் மறுபடியும் வந்தால், வட்டே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அதை மாற்றிவிடுவது நல்லது.

கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால்

கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால், என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். படிவம் 6 மாணவி ஒருவர், "உள்ளே போக முடியல, சரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லி ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் ஃபார்மட் செய்து, பளிச்சென்று திருப்பிக் கொடுத்தார்கள். கணினி நன்றாக வேலை செய்தது. அவருடைய இடுபணிதான் இல்லை. நேர்காணல் குறிப்பு, படங்கள், பாதி எழுதிய அறிக்கை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். ஆகவே, "முதலில் என் கோப்புகளை நகலெடுத்துக் காட்டுங்கள், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக் கணினியிலேயே ஒட்டிக் கொடுத்தாலும் நல்லதுதான்.

இன்றே செய்யக்கூடியவை

கணினி நன்றாக இருக்கும்போதே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். ஒன்று, நிர்வாகி உரிமையோடு இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லை எழுதி வையுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. இரண்டு, 'பிட்லாக்கர்' குறியீடு எங்கே இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். மூன்று, புள்ளிப்பட்டியல், கேள்வித்தாள், இடுபணி ஆகியவற்றின் நகல் எப்போதும் கணினிக்கு வெளியே இருக்கட்டும். மலேசிய ஆசிரியர்களும் மாணவர்களும் டெலிமா கணக்கோடு வரும் கூகல் டிரைவைப் பயன்படுத்தலாம். ஒரு பென்டிரைவும் போதும்.

அந்த ஆசிரியை இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி முடிந்ததும் நகல் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார். தேர்வுக் காலம் நெருங்குகிறது. மாணவர்களே, நீங்களும் அப்படி ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.