மானியத்துக்கு மனு எழுதும் முன் நிலத்தைப் பாருங்கள்

அரசாங்கம் மானியம் ஒதுக்குகிறது. தொகை பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிறது. ஆனால் நம் தோட்டப்புறத்துக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை. தைப்பிங் வட்டாரத்தில் பொது இயக்கக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் ஆதங்கம் இது. இதில் நியாயம் இருக்கிறது. அதே வேளையில், மனு நிராகரிக்கப்படுவதற்குப் பாகுபாடும் அலட்சியமும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பல மனுக்கள் பணத்தைக் கேட்கின்றன. அந்தப் பணத்தைச் செலவிட வேண்டிய நிலம் யாருடையது, வட்டாரத் திட்டத்தில் அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இருப்பதில்லை.

ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. இப்படி மாறும் இடங்களில் கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, பழைய லயன் வீடுகள், அவற்றுக்குப் போகும் சாலை ஆகியவை நிலைக்குமா நிலைக்காதா என்பதை இந்தப் பதில்தான் நிர்ணயிக்கிறது. நிலம் முதலில், வரைபடம் அடுத்து, மானியம் அதற்குப் பிறகு. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏரிப் பூங்கா சொல்லும் பாடம்

தைப்பிங் மக்கள் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈயம் தோண்டிக் குழியும் குட்டையுமாகக் கிடந்த லம்ப நிலம் 1880-ல் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1884-ல் பூங்கா திறக்கப்பட்டது. ஏறக்குறைய 64 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரிப் பூங்காதான் இன்றும் நகரின் அடையாளம். 2019-ல் பெர்லின் சுற்றுலாக் கண்காட்சியில் நீடித்த சுற்றுலாத் தலங்களுக்கான விருது வழங்கப்பட்டபோது, நகரங்கள் பிரிவில் தைப்பிங் மூன்றாவது இடத்தைப் பெற்றதில் இந்தப் பசுமைக்கு முக்கியப் பங்குண்டு.

மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் கதையும் இதுதான். சுமார் 40,000 ஹெக்டேர் காடு 1900-களின் தொடக்கத்திலேயே வனக் காப்பகமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 30 ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி, மீண்டும் வளர்க்கும் முறை அங்கே நடைமுறையில் இருக்கிறது. கோல செப்பெத்தாங் கரிச்சூளைகளுக்கு இந்தக் காட்டிலிருந்துதான் மரம் போகிறது.

இரண்டு இடங்களிலும் நிலம் முதலில் ஒதுக்கப்பட்டது. பராமரிப்புக்கான பணம் ஆண்டுதோறும் அந்த ஒதுக்கீட்டைத் தொடர்ந்து வந்தது. தோட்டக் குடியிருப்புகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. மக்கள் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். ஆனால் நிலம் கடைசிவரை கம்பெனியின் பட்டாவிலேயே இருந்தது.

சாலை உண்டு, பதிவில் இல்லை

இதன் விளைவைச் சாலையைக் கொண்டு விளக்கலாம். மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்குச் சாலை மானியம் தர வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 109-வது விதி கூறுகிறது. சாலைகளின் நீளத்தைக் கொண்டு தொகை கணக்கிடப்படுகிறது. 'மாரிஸ்' எனப்படும் மலேசியச் சாலைப் பதிவேட்டு முறையில் பதிவான சாலைகளுக்கே அந்தப் பணம் உண்டு.

தோட்டத்துக்குள் போகும் சாலை தனியார் நிலத்தில் இருக்கிறது. ஆகவே அது பதிவேட்டில் இல்லை. குழி விழுந்த சாலையைப் படம் பிடித்து நகராண்மைக் கழகத்துக்கு எத்தனை முறை அனுப்பினாலும், "இது தனியார் நிலம்" என்ற பதிலே வரும். இங்கே கேட்க வேண்டியது தார் அல்ல. சாலைக்குரிய நிலத்தை உரிமையாளர் மாநில அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதன் பின் சாலை பதிவேட்டில் சேர வேண்டும். இந்த இரண்டையும் கேட்டுத்தான் மனு எழுத வேண்டும். ஒருமுறை பதிவாகிவிட்டால் பராமரிப்புப் பணத்துக்கு ஆண்டுதோறும் கெஞ்ச வேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் நிலையும் இதுவே. பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தனியார் நிலத்தில் அமைந்த பள்ளிகள் பல 'பகுதி உதவி' பெறும் பள்ளிகளாகவே நீடிப்பதற்கு நிலம் ஒரு முக்கியக் காரணம். இடுகாட்டை எடுத்துக்கொண்டால், அரசாங்க நிலமாக இருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 62-வது பிரிவின் கீழ் அதைப் பொதுப் பயனுக்கென அரசிதழில் ஒதுக்க முடியும். தனியார் நிலமாக இருக்கும்வரை அந்த வழி திறக்காது.

பணம் எந்த வழியாக வருகிறது?

மானியம் என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு வழிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் மனு தவறான மேசைக்குப் போகிறது.

முதலாவது, அரசாங்கத்திலிருந்து அரசாங்கத்துக்குப் போகும் பணம். சாலை மானியம் இந்த வகை. ஊராட்சி மன்றங்களுக்கான ஆண்டு மானியத்துக்கு 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு 1981-ல் தனிச் சட்டமும் வந்தது. காடுகளையும் இயற்கை வளங்களையும் காக்கும் மாநிலங்களுக்கு 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. 2025-க்கு அது 25 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. ஒரு சங்கம் இந்தப் பணத்துக்கு நேரடியாக மனுச் செய்ய முடியாது. ஆனால் தன் பகுதியின் தேவையை மாநிலத்தின் பட்டியலிலும் நகராண்மைக் கழகத்தின் பட்டியலிலும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது, அமைச்சுகளும் வட்டார மேம்பாட்டு அமைப்புகளும் நடத்தும் திட்டங்கள். 2007-ல் வட மண்டல மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டபோது லாருட் மாத்தாங் செலாமா மாவட்டமும் அதில் இடம்பெற்றது. இத்தகைய திட்டங்களுக்குள் நுழைய மாவட்ட அலுவலகமும் நகராண்மைக் கழகமும்தான் வாசல்.

மூன்றாவது, பதிவு பெற்ற சங்கங்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் மானியம். இந்திய சமுதாயத்துக்கென 2014-ல் 'செடிக்' என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் 'மித்ரா' ஆன பிரிவு இந்த வகை. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் அரசாங்கப் பணம் அல்ல. ஐக்கிய நாட்டு மேம்பாட்டுத் திட்டத்தின் வழி நடக்கிறது. ஆனாலும் மரம் நடுதல், ஆற்றோரப் பாதுகாப்பு போன்ற பணிகளுக்குச் சமூக அமைப்புகள் நாட வேண்டிய இடம் அது.

அண்டை மாநிலமான பினாங்கில் ஜார்ஜ்டவுன் 2008-ல் உலகப் பாரம்பரிய நகரமானது. அதைத் தொடர்ந்து மத்திய அரசாங்கம் ஒதுக்கிய 2 கோடி ரிங்கிட், கசானா நிறுவனம் அமைத்த 'திங்க் சிட்டி' வழி சிறு சிறு மானியங்களாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கட்டட உரிமையாளர்களும் சங்கங்களும்கூட அதைப் பெற்றார்கள். பாரம்பரிய வட்டாரத்தின் எல்லை வரைபடத்தில் முன்பே குறிக்கப்பட்டிருந்ததால்தான் அது சாத்தியமானது.

நான்கு வார வாய்ப்பு

அப்படியானால் வரைபடத்தில் இடம்பிடிப்பது எப்படி? 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கட்டமைப்புத் திட்டமும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ளூர்த் திட்டமும் தயாரிக்கப்படுகின்றன. எந்த லோட்டில் வீடு வரலாம், எதில் தொழிற்சாலை வரலாம், எது வழிபாட்டுக்கு, எது திறந்தவெளிக்கு என்று உள்ளூர்த் திட்டம் குறித்து வைக்கிறது. அதற்கு முரணான மேம்பாட்டுக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

இந்தத் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். நேரில் விளக்கம் சொல்லவும் இடமுண்டு. பின்னர் மந்திரி பெசார் தலைமையிலான மாநிலத் திட்டக் குழு அதை அங்கீகரிக்கிறது.

இந்த நான்கு வாரத்தைத் தவறவிட்டவர்கள்தான் பின்னாளில் இடிப்பு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். நகராண்மைக் கழக அறிவிப்புப் பலகையையும் இணையத் தளத்தையும் கவனிக்க ஒவ்வொரு சங்கமும் ஒருவரையாவது பொறுப்பாக நியமிக்கலாம். ஆட்சேபம் என்றால் எதிர்ப்பு மட்டுமல்ல. "இந்த லோட்டில் 80 ஆண்டாகக் கோயில் இருக்கிறது, நகலில் வீடமைப்பு என்று குறித்திருக்கிறீர்கள், வழிபாட்டு இடமாகத் திருத்துங்கள்" என்று முக்கிம் பெயரோடும் லோட் எண்ணோடும் எழுதுவதும் ஆட்சேபம்தான்.

தண்ணீருக்கு எல்லை தெரியாது

ஒரு குடியிருப்பு தனித்துக் கேட்பதைவிட வட்டாரமாகச் சேர்ந்து கேட்பதில் பலன் அதிகம். பொண்டோக் தஞ்சோங் வழியாக ஓடும் குராவ் ஆறு, 1906-ல் கட்டப்பட்ட புக்கிட் மேரா அணைக்கட்டில் சேர்கிறது. அங்கிருந்து கெரியான் மாவட்டத்தில் 20,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நெல் வயல்களுக்குத் தண்ணீர் போகிறது. மேலே தோட்ட நிலத்தை மொட்டையாக்கினால் மண் அரித்து ஆற்றில் இறங்கும். கீழே அணைக்கட்டில் தூர் சேரும். மேட்டில் உள்ள தோட்டக் குடியிருப்பும் பள்ளத்தில் உள்ள நெல் கிராமமும் சேர்ந்து ஆற்றோர மரக்கரை கேட்டால், அது ஒரு இனத்தின் கோரிக்கையாகவோ ஒரு கிராமத்தின் கோரிக்கையாகவோ தெரியாது. வட்டாரத்தின் தேவையாகத் தெரியும்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1992-ல் ரியோ டி ஜெனிரோ புவி மாநாட்டில் உருவான 'அஜெண்டா 21' திட்டத்தை ஊராட்சி அளவில் சோதித்துப் பார்க்க, 2000-ல் மலேசியாவில் நான்கு ஊராட்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி ஆகியவற்றோடு நான்காவதாக இடம்பெற்றது தைப்பிங்குக்குப் பக்கத்தில் உள்ள கெரியான் மாவட்ட மன்றம். ஊராட்சி, தனியார் துறை, பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டம் போட வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

மனுவில் இருக்க வேண்டியவை

மேசைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. முதல் வேலை, நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பட்டாத் தேடல் செய்வது. நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது, என்ன நிபந்தனை என்பது அதில் தெரிந்துவிடும். தனியார் நிலமானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

அடுத்தது சங்கத்தின் நிலைமை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அறிக்கை அனுப்பாத சங்கத்தின் மனு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே ஒதுக்கப்படலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த கணக்கறிக்கை, செயலவைத் தீர்மானம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பிறகுதான் திட்டம். பிரச்சினை என்ன, எத்தனை குடும்பங்களுக்குப் பயன், வேலை எத்தனை மாதம், எந்தக் கடையில் என்ன விலை என்பதைச் சுருக்கமாக எழுத வேண்டும். இடத்தின் படமும் ஒரு எளிய வரைபடமும் பத்துப் பக்க வருணனையைவிட மேல். பலர் விட்டுவிடுவது ஒன்றுண்டு: மானியம் தீர்ந்த பின் யார் பராமரிப்பார்கள்? நீடித்த மேம்பாடு என்ற சொல்லை மனுவில் எழுதினால் மட்டும் போதாது. இந்தக் கேள்விக்கும் பதில் வேண்டும்.

பணம் கிடைத்த பின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. மித்ரா மானியங்கள் தொடர்பில் 2021-ல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியதைச் சமுதாயம் மறந்திருக்காது. சிலர் மீதான அந்தச் சந்தேகத்தின் சுமையை நேர்மையான சங்கங்களும் சுமக்க நேர்ந்தது. ரசீதும் படமும் முன்னேற்ற அறிக்கையும் அந்தந்த மாதமே தயாராக இருந்தால், அடுத்த மனுவுக்கு அவையே சாட்சி.

எனவே தைப்பிங், கமுந்திங், சிம்பாங் வட்டாரச் சங்கங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தில் மூன்று வேலைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் பட்டாத் தேடலுக்கு, ஒருவர் உள்ளூர்த் திட்டத்தைப் பார்வையிட, ஒருவர் பதிவிலாகா அறிக்கைக்கு. தோட்டம் கைமாறிய பிறகு கேட்பதைவிட, கைமாறும் முன் வரைபடத்தில் ஒரு இடத்தைக் குறிக்கச் செய்வது எளிது. செலவும் குறைவு.