எர்த் குழிக்கும் சர்வீஸ் உண்டு

சித்திரை, வைகாசி வெயிலில் பாளையங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் மின்சாரக் கார் திடீரென்று சார்ஜ் ஏற மறுப்பதுண்டு. பிளக்கைச் செருகினால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். கார் வாங்கிய இடத்துக்குப் போன் போட்டால், “வீட்டு எர்த்தை முதல்ல பாருங்க” என்பார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

கார் நிற்பது நான்கு ரப்பர் டயர்களின் மேல். சார்ஜ் ஏறும் நேரத்தில் அதன் உடம்பைப் பூமியோடு இணைப்பது பிளக்கில் இருக்கும் தடித்த மூன்றாவது பின் மட்டும்தான். உள்ளே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் அந்த வழியாகத்தான் தரைக்கு இறங்க வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால், கதவைத் தொடுகிறவரின் உடம்பு வழியாக இறங்கும். அதனால்தான் எர்த் சரியில்லை என்று தெரிந்தால் சார்ஜர் கரண்டைக் காருக்கு விடுவதில்லை. வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டுப் பதித்த எர்த் குழி ஈரம் இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறும். பல வீடுகளில் குழியின் வாயையே சிமென்ட் போட்டுப் பூசி, மேலே தளக்கல்லும் பதித்திருப்பார்கள். கோடையில் வாரம் ஒருமுறை அந்தக் குழாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும், வருடத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் தடையை அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதும் கார் பராமரிப்பில் சேர்த்தி.

இங்கே ஓர் ஆபத்தான குறுக்குவழி நடமாடுகிறது. சார்ஜரை ஏமாற்றுவதற்காகப் பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகும், சார்ஜும் ஏறும். ஆனால் வீட்டுக்கு வரும் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், காரின் தகரம் முழுவதும் 230 வோல்ட் பாயும். யார் செய்து தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதே பாயின்ட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் சில நிமிடங்கள் இழுக்கும் கரண்டைக் கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கிறது. 15 ஆம்பியர் தொடர்ந்து ஓடும்போது, லேசாகத் தளர்ந்த ஸ்க்ரூவே சூடாகிப் பிளக்கை உருக்கிவிடும். சார்ஜ் முடிந்து கழற்றும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் பாயின்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

“கரண்டு வண்டிக்கு என்ன அண்ணாச்சி சர்வீஸு?” என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. பாதி உண்மைதான். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச், டைமிங் பெல்ட், சைலன்சர் எதுவும் கிடையாது. மோட்டாரில் சுழலும் பாகம் ஒன்றுதான். பெட்ரோல் காரில் தேய்மானத்துக்குக் காரணம் பெரும்பாலும் என்ஜினுக்குள்ளேயே இருந்தது. மின்சாரக் காரில் வெயில், தூசி, உப்புக்காற்று, வெள்ளம், தரையின் ஈரம் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. கம்பெனி கொடுக்கும் சர்வீஸ் புத்தகம் நாடு முழுவதற்கும் பொதுவானது. தாமிரபரணிக் கரையில் ஓடும் வண்டிக்கு அதை இந்த மண்ணின் பருவங்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வெயில். லித்தியம் பேட்டரி ஓடாமல் சும்மா நின்றாலும் முதுமையடையும். உள்ளே கிராஃபைட் முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. செல் பாதுகாப்பாக இயங்க அது அவசியம். ஆனால் அது மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது. அப்படித் தடிக்கும்போது, சார்ஜைச் சுமந்து இங்குமங்கும் போய்வர வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. போன லித்தியம் திரும்பி வராது. ஒரு முறை சார்ஜில் ஓடும் தூரம் வருடா வருடம் கொஞ்சம் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக்கணக்கு. சார்ஜ் நிறைந்திருக்கும்போது அந்தப் படலம் இன்னும் விரைவாக வளரும். ஆக, 100 சதவீதம் ஏற்றிய காரை நாள் முழுக்க வெட்டவெளி வெயிலில் நிறுத்துவதுதான் பேட்டரிக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

நண்பகலில் மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் விரட்டி வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல், ஆறவிட்டு இரவில் போடுங்கள். நிழல் கிடைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வேப்பமர நிழலுக்காக நூறடி கூடுதலாக நடந்தாலும் தகும். வளைகுடா வேலைக்குத் திரும்புகிறவர்கள் காரை மாதக்கணக்கில் வீட்டில் விட்டுப்போகும்போது, பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போவது நல்லது. எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் உண்டு. அதன் வோல்டேஜ், சார்ஜ் பாதியாக இருந்தாலும் முக்காலாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே நிற்கும். அதனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கைக் கம்ப்யூட்டர் தவறவிடும். அவ்வப்போது மெதுவான சார்ஜில் 100 வரை ஏற்றினால் கணக்கு சரியாகும், செல்களும் ஒரு மட்டத்துக்கு வரும். உங்கள் காரில் எந்த வகை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரவத்தால் குளிர்விக்கப்படும் பேட்டரிக்குக் கூலன்ட் மட்டம் முக்கியம். குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. அதிலுள்ள உப்புகள் மெல்லிய குழாய்களை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். கம்பெனி சொல்லும் திரவம்தான் வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று கிளப்பும் புழுதி முன்பக்க ரேடியேட்டரில் அப்பிக்கொள்ளும். காற்றாலைக்காரர்கள் காத்திருக்கும் அந்த மாதங்கள் முடிந்ததும் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஏ.சி. ஃபில்டரை மாற்றிவிடுவது சரியான நேரக்கணக்கு.

பிரேக் விஷயம் சுவாரசியமானது. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும் காரை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் கீழிறங்கினால், கணக்குப்படி சுமார் 4.6 யூனிட் ஆற்றல் விடுபடுகிறது. பெட்ரோல் காரில் அது பெரும்பாலும் பிரேக்கைச் சுடவைத்து வீணாகும். மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் பெரும் பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் வாங்கிக்கொள்ள இடமில்லை. கொடைக்கானல் விடுதியில் இரவெல்லாம் முழு சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் மலையிறங்குகிறவர், எண்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேட் நீண்ட காலம் வரும். அதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும். காலிப்பர் பின்கள் இறுகும். உப்பளங்களைத் தாண்டித் தூத்துக்குடிக்கும், கடற்கரையோரமாகத் திருச்செந்தூர், உவரிக்கும் அடிக்கடி போகும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். காலி ரோட்டில் சில முறை பிரேக்கை நன்றாக மிதித்து ஓட்டுவதும், சர்வீஸில் காலிப்பரைக் கழற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்வதும் போதும். பிரேக் ஆயில் மழைக்காலத்து உப்பு ஜாடி போல ஈரத்தை இழுக்கும். புதிய டாட்-4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதற்கு விதி வைத்திருக்கும் கீழ்வரம்பு 155 தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

வண்டியை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் பெரிய பேட்டரி இல்லை. அதோடு கூட இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்தால் கதவுப் பூட்டும் திறக்காது, திரையும் எரியாது, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சும் விழாது. நம் வெயிலில் மூன்று வருடம் தாண்டினால் அதைச் சோதித்துவிடுங்கள். கூடுதல் எடையாலும், மிதித்தவுடன் கிடைக்கும் இழுவிசையாலும் டயர் சீக்கிரம் தேயும். வாரம் ஒருமுறை காலைக் குளிர்ச்சியில் காற்று பார்ப்பதைவிட மலிவான பராமரிப்பு இல்லை. பிசான நெல் அறுவடை முடிந்ததும் வயலை விட்டுக் கிளம்பும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வயல் ஓரத்து வீட்டுக்காரர்கள் அந்த மாதங்களில் காரின் அடியில் வயர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு நிற வயரில் பல் தடம் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அதில் ஓடுவது முந்நூறு வோல்ட்டுக்கு மேல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லையில் சந்திப்புப் பகுதியும் கொக்கிரகுளமும் ஆற்று வெள்ளத்தில் மூழ்கின. கார் விளம்பரங்களில் வரும் ஐ.பி.67 என்ற தரக்குறி, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனைக்கூடச் சான்று. சேறும் சாக்கடையும் கலந்த வெள்ளத்தில் ஒரு பகலும் இரவும் கிடப்பதற்கு அது உத்தரவாதம் தராது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது, சார்ஜில் போடக் கூடாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டையும் மற்ற வண்டிகளையும் ஒட்டாமல் திறந்த இடத்தில் நிறுத்த வேண்டும், உள்ளே புகுந்த ஈரம் நாள் கழித்தும் தீப்பிடிக்க வைக்கலாம். பிறகு மின்காப்பை அளக்க வேண்டும். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 500 ஓம் என்பது ஐ.நா. வாகன விதி எண் 100 சொல்லும் கணக்கு. 320 வோல்ட் காருக்கு 1,60,000 ஓமுக்குக் கீழே போனால் அந்த வண்டி சாலைக்கு வரக் கூடாது.

இதையெல்லாம் அளக்கத் தெரிந்த கைகள் இந்த மாவட்டத்திலேயே வேண்டும். 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், 1912இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அதற்கு மாற்றாக எரிவாயுக் கருவியையே தயாரித்தவர். அந்த மண்ணில் புது எரிபொருளுக்கு ஏற்ற மெக்கானிக்குகள் உருவாக முடியாது என்று நான் நம்பவில்லை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிலாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. அது அசெம்பிளி வேலை தருவதோடு நிற்காமல், பேட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையிலுள்ள சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் பயிற்சி கிடைக்கச் செய்ய வேண்டும். இன்சுலேஷன் கையுறையில் காற்றை அடைத்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்ப்பது, இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகள் வடிய நிமிடக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் பழக்கத்தில் வர வேண்டியவை.

காரின் உரிமையாளர் இன்றே கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் வந்தபோது பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தது. முதல் வண்டிகளுக்கு 2028இல் அது முடிகிறது. அப்போது பழைய கார் வாங்க வருகிறவர் கிலோமீட்டர் கணக்கைவிட அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்.