அப்பாவின் காரும் மங்கிய பிரேக் விளக்கும்

எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்த நேரம் அது. ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்த அப்பா, காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். கிள்ளான் மேரு சாலையில் சிவப்பு விளக்கைப் பார்த்து அவர் பிரேக் பிடித்தபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிளோட்டி மோத இருந்தாராம். கடைசி நொடியில் ஒதுங்கித் தப்பியவர், பிரேக் விளக்கு எரியவே இல்லை என்று சன்னலருகே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் கார் 1996இல் வாங்கியது. என்னைவிட வயதில் மூத்தது. அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் இரவு வேலை. அந்த விளக்கு எரியாமல் அவரைச் சாலைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

உடனே அப்பாவைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தேன். வலப்பக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது. இடப்பக்கத்தில்தான் வேடிக்கை. இரவில் எரியும் சிறிய சிவப்பு விளக்கு சரியாகவே இருந்தது. பிரேக்கை அழுத்தியதும் வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாக மங்கியது. யாரும் தொடாத இடப்பக்கச் சிக்னல் விளக்கும் லேசாக எரிந்தது!

பல்பை மாற்றினேன், பலனில்லை

பழைய கார்கள் பலவற்றில் பின் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே பல்புதான். அதற்குள் இரண்டு இழைகள்: இரவு விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். புதிய பல்பு வாங்கிப் போட்டேன். மாற்றமில்லை. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. வலப்பக்கம் எரியும்போது இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ் எப்படிப் போயிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பட்டறையில் காட்டினோம். பின்பக்க வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சில நூறு வெள்ளி கேட்டார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

திரும்பிப் போகும் வழி

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பேருந்து டிப்போவில் பல ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "பல்பைப் பாத்த, ஃபியூஸைப் பாத்த. கரண்ட் திரும்பிப் போற வழியைப் பாத்தியாடா?" என்றார்.

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் பல்பைக் கடந்து மீண்டும் பேட்டரிக்கே போய்ச் சேர வேண்டும். காரில் அந்தத் திரும்பும் பாதை, காரின் இரும்பு உடல்தான். ஒவ்வொரு விளக்குக் கூட்டிலிருந்தும் ஒரு வயர் வந்து உடலில் திருகப்பட்டிருக்கும். அதைத்தான் 'எர்த்' என்கிறோம். அந்த இணைப்பு துருப்பிடித்தால் பாதை குறுகிவிடும். குறைந்த மின்சாரம் கேட்கும் 5 வாட் இழை சமாளித்துக்கொள்ளும். 21 வாட் இழை சேர்ந்ததும் நெரிசல் ஏற்படும். அப்போது மின்சாரம் அதே கூட்டிலுள்ள சிக்னல் பல்பு வழியாக வேறு பாதை தேடும். சிக்னல் மங்கலாக எரிந்த காரணம் இதுதான்.

நான் மல்டிமீட்டரை எடுத்து, தொடர்பு இருந்தால் ஒலிக்கும் 'பீப்' நிலையில் எர்த்தைச் சோதித்தேன். பீப் என்றது. "எர்த் நல்லாத்தானே இருக்கு மாமா?" என்றேன்.

மாமா சிரித்தார். "சும்மா கிடக்கிற பாலம் நிக்கத்தான் செய்யும். லோரி ஏறும்போது பாரு."

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்தோம். ஒரு முனை விளக்குக் கூட்டின் எர்த்தில், மறுமுனை நீண்ட வயர் மூலம் பேட்டரியின் மைனஸில். அப்பா பிரேக்கை அழுத்தினார். ஏறக்குறைய 6 வோல்ட் காட்டியது! நல்ல எர்த்தில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் பாதி, பல்புக்குக் கிடைக்காமல் துருவிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

எரியும்போது 21 வாட் பல்பின் தடை சுமார் 7 ஓம்தான். துருவின் தடையும் சில ஓம். மீட்டரின் பீப் ஒலிக்கு அது பொருட்டில்லை. பல்புக்கோ அது பெருஞ்சுமை. படிவம் 5 இயற்பியலில் ஓம் விதிக் கணக்குகளை நான் பிழையில்லாமல் செய்தவன். அந்த விதி எங்கள் காரின் பின்பெட்டியில் இருந்ததுதான் எனக்குத் தெரியவில்லை.

பின்பெட்டியின் உள்விரிப்பைத் தூக்கினோம். கறுப்பு வயர், திருகு, பச்சையும் பழுப்புமாகத் துரு. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மீண்டும் அளந்தபோது 0.1 வோல்ட். மூடியின் ரப்பர் வெடித்து மழைநீர் கசிந்ததுதான் மூல காரணம். அதையும் மாற்றினோம். இல்லையென்றால் சில மாதங்களில் துரு திரும்பியிருக்கும்.

நீங்கள் செய்து பார்க்க

• எதையும் கழற்றுமுன் பழுதின் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? முதலில் பல்பு, அதன் கூடு. இரண்டு பிரேக் விளக்குகளும் எரியவில்லையா? ஃபியூஸ், பிரேக் மிதியின் சுவிட்ச். விளக்குகள் மங்கி, சம்பந்தமில்லாத விளக்கும் எரிகிறதா? எர்த்.

• விளக்கு எரியும் நிலையிலேயே வோல்ட்டை அளந்து பாருங்கள்.

• ஃபியூஸ் போனால் அதே அளவையே போடுங்கள். சிவப்பு 10 ஆம்பியர் இருந்த இடத்தில் பச்சை 30 ஆம்பியரைப் போட்டால், ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

• காற்றுப்பை வயர்களைத் தொடாதீர்கள். அது பயிற்சி பெற்றவர் வேலை.

இப்போது மாதம் ஒரு முறை அப்பாவே என்னைக் கூப்பிடுகிறார். அவர் பிரேக்கை அழுத்துவார், நான் பின்னால் நின்று பார்ப்பேன். இரண்டு பக்கமும் எரிவதைப் பார்த்து, "சரிப்பா, போங்க" என்று சொன்ன பிறகுதான் கார் வாசலைத் தாண்டும்.