கரையில் அசல், தோணியில் நகல்

1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். தூத்துக்குடியில் நண்பகல் மணி 12. அதே நொடியில் கொழும்பில் மணி என்ன?

இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருப்பது மன்னார் வளைகுடாதான். கப்பலில் ஓரிரவுப் பயணம். ஆகவே 'அங்கும் 12 தானே' என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 12.30. இதே கேள்வியை 1996 ஜூலையில் கேட்டிருந்தால் விடை பிற்பகல் 1 மணி. 2007-இல் கேட்டிருந்தால் 12 மணியேதான்!

இதில் மாயம் எதுவும் இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1906-இல் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்திய நேரத்தை ஏற்றன. 1996-இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ள, இலங்கை மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபர் 26 அன்று அதில் அரை மணியைத் திருப்பித் தந்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே நின்றது. வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால், ஒரே தீவுக்குள் இரண்டு நேரங்கள் நடந்தன.

இத்தனை குழப்பத்தையும் ஒரு கணிப்பொறி எப்படிச் சமாளிக்கிறது? யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணிப்பொறிகள் உள்ளுக்குள் மணியே பார்ப்பதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடிகள் கழிந்தன என்று மட்டும் எண்ணிக்கொண்டே போகின்றன. நாம் கேட்ட அந்த நண்பகல், கணிப்பொறிக்கு 85,21,00,200-ஆவது நொடி. தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். (இடையில் 7 லீப் ஆண்டுகள் வரும், மறந்துவிடாதீர்கள்.) இயற்பியல்காரனான எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். நொடி எல்லோருக்கும் ஒன்று. மணி என்பது ஊர் வழக்கம்.

அந்த ஊர் வழக்கத்தைக் கணிப்பொறிக்குச் சொல்வது ஒரு சின்னப் பெயர்: டி, இசட் என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகள். அதற்கு 'ஏஷியா/கொலம்போ' என்று மதிப்புக் கொடுத்தால் கொழும்பு நேரம். 'ஏஷியா/கொல்கத்தா' என்றால் இந்திய நேரம். ஒவ்வோர் ஊரின் கடிகார வரலாறும் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களில் தொகுக்கத் தொடங்கிய ஒரு பட்டியலில் இருக்கிறது. நான் மேலே சொன்ன 1996, 2006 மாற்றங்களும் அதில் உண்டு. கேள்வி இதுதான்: அந்த இரண்டெழுத்துப் பெயரின் மதிப்பு, நேரத்தைக் காட்டும் நிரலுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

கொண்டுபோய்ச் சேர்ப்பது ஷெல். கணிப்பொறியின் உள்ளே மையமாக இருந்து எல்லாவற்றையும் ஆளும் நிரலைக் 'கெர்னல்' என்பார்கள். பருப்பு என்று பொருள். அதற்கு வெளியே இருந்து, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றித் தருவது ஷெல், அதாவது ஓடு. இந்தப் பெயரை 1960-களின் நடுவில் சூட்டியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சு அறிஞர். 'சிப்பி' என்று மொழிபெயர்த்தால் எங்கள் முத்துக்குளித்துறைக்காரர்கள் மகிழ்வார்கள். ஆனால் உள்ளே இருப்பது முத்து அல்ல, பருப்பு. ஆகவே ஓடு என்பதே பொருத்தம். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் இருந்ததே, அதிலும் ஷெல் உண்டு. அங்கே இருப்பது 'பாஷ்' என்னும் வகை. வீட்டில் அப்படி ஒன்று சும்மா கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை நான் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்.

துறை=தூத்துக்குடி

இப்போது 'துறை' என்ற மாறிக்கு ஒரு மதிப்புக் கிடைத்துவிட்டது. மாறியின் பெயரில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது பாஷின் விதி. (இது எனக்குச் சம்மதமில்லை, ஆனால் விதி விதிதான்.) மதிப்பைத் தமிழிலேயே தரலாம். 'எக்கோ $துறை' என்று தட்டினால் தூத்துக்குடி என்று பதில் வரும். டாலர் குறிக்குப் பொருள், 'இந்தப் பெயரை எடுத்துவிட்டு மதிப்பை வை' என்பது.

சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் 'துறை' என்பதை ஒரு கட்டளையின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று ஷெல் சொல்லிவிடும். கணக்கு வகுப்பின் சமக்குறி வேறு, இது வேறு. எண்=5+2 என்று கொடுத்தால் 7 கிடைக்காது; 5+2 என்ற மூன்று எழுத்துகள்தான் கிடைக்கும். ஷெல் ஒரு சுமைதூக்குபவர் மாதிரி. மூட்டையைத் தூக்குவார், உள்ளே இருப்பது அரிசியா உப்பா என்று பார்க்கமாட்டார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். நீங்கள் ஒரு கட்டளை கொடுத்ததும் ஷெல் பெரும்பாலும் அந்த வேலையைத் தானே செய்வதில்லை. தன்னிலிருந்து ஒரு சேயைப் பிரித்து, அதனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கிறது. முத்துக்குளிப்பில் ஒருவர் கடலுக்குள் மூழ்க, இன்னொருவர் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பாரல்லவா, அதுபோல. சேய் புறப்படும்போது அதற்குத் தேவையான பெயர்களும் மதிப்புகளும் ஒரு பட்டியலாகக் கொடுக்கப்படும். அந்தப் பட்டியலுக்குத்தான் 'சூழல்' என்று பெயர். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லுடன் இந்த ஏற்பாடு வந்தது.

கொடுக்கப்படுவது அசல் அல்ல, நகல். விஷயமே இதில்தான் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி புறப்படுகிறது என்று வையுங்கள். சரக்குப் பட்டியலின் ஒரு பிரதி கரையில் இருக்கும். ஒரு பிரதி தோணித் தலைவரான தண்டலிடம் இருக்கும். நடுக்கடலில் தண்டல் தன் தாளில் எதையாவது அடித்து எழுதினால் கரையில் உள்ள தாள் மாறுமா?

சோதித்துப் பாருங்கள். 'பாஷ்' என்று தட்டினால் ஷெல்லுக்குள் இன்னொரு ஷெல் சேயாகத் தொடங்கும். அங்கே 'எக்கோ $துறை' என்று கேளுங்கள். பதில் வெறுமை! ஏனென்றால் மாறியை உண்டாக்கினோமே தவிர, பட்டியலில் சேர்க்கச் சொல்லவில்லை. 'எக்ஸிட்' தட்டி வெளியே வந்து,

எக்ஸ்போர்ட் துறை

என்று கொடுங்கள். எக்ஸ்போர்ட் என்றால் ஏற்றுமதி. துறைமுக ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. மறுபடி 'பாஷ்' தட்டிக் கேளுங்கள். தூத்துக்குடி என்று வரும். உள்ளே இருக்கும்போதே துறை=கொழும்பு என்று மாற்றிவிட்டு, 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்து பாருங்கள். மறுபடியும் தூத்துக்குடிதான். தாயின் பட்டியலைச் சேயால் தொடவே முடியாது. இன்னொரு கோப்புறைக்கு மாற உதவும் 'சிடி' என்னும் கட்டளையைச் சேயிடம் விடாமல் ஷெல் தானே செய்வதும் இதனால்தான். சேய் இடம் மாறினால் சேய்தான் மாறும். நாம் இருந்த இடத்திலேயே இருப்போம்.

இப்போது கொழும்புக்குப் போவோம்.

டிஇசட்=ஏஷியா/கொலம்போ டேட்

மதிப்பு முன்னால், கட்டளை பின்னால், இரண்டும் ஒரே வரியில். இப்படி எழுதினால் அந்த மதிப்பு அந்த ஒரு கட்டளையின் நகலில் மட்டும் எழுதப்படும். கொழும்பு நேரம் வரும். அடுத்த வரியில் வெறும் 'டேட்' என்று கேட்டால் நம்மூர் நேரம் வரும். இன்று இரண்டும் ஒன்றே என்பதால் வேறுபாடு தெரியாது. பழைய நாளைக் கேளுங்கள். 'டேட்' கட்டளையுடன் ஒரு சிறுகோடும் 'டி' என்ற சின்ன எழுத்தும் சேர்த்து, மேற்கோள் குறிக்குள் @852100200 என்று அந்த நொடியின் எண்ணைக் கொடுத்தால், கொழும்புக்கு 12.30 என்றும் நமக்கு 12 என்றும் வரும்.

ஊர்ப் பெயராக 'ஏஷியா/தூத்துக்குடி' என்று கொடுத்தால்? நம் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் லினக்ஸ் 'பிழை' என்று சொல்லாது. சத்தமில்லாமல் கிரீன்விச் நேரத்தைக் காட்டும்; ஐந்தரை மணி பின்தங்கிய நேரம்! ஷெல்லின் வேலை தூக்கிக் கொடுப்பதோடு முடிந்தது. வாங்கிய நிரலும் புரியாததைப் பூச்சியமாகக் கொண்டுவிட்டது.

ஒரு புதிர். 'துறை'யின் மதிப்பு தூத்துக்குடி என்று இருக்கும்போது,

துறை=கொழும்பு எக்கோ $துறை

என்று தட்டினால் என்ன வரும்? கொழும்பு என்றுதான் என் வகுப்பில் பலரும் சொல்வார்கள். வருவது தூத்துக்குடி. டாலர் குறியிட்ட இடங்களை ஷெல் முதலில் தன் சொந்தப் பட்டியலைப் பார்த்து நிரப்பிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நகலில் கொழும்பு ஏறுகிறது. எக்கோவின் கைக்கு வரும்போது கேள்வியே இல்லை, விடைதான் இருக்கிறது. இதே முறையில் இன்னொன்றையும் விளக்கலாம். துறை=மன்னார் வளைகுடா என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், 'வளைகுடா என்ற கட்டளை இல்லை' என்று பதில் வருவது ஏன்? நீங்களே யோசியுங்கள்.

மூட்டையைப் பிரிக்காமல் தூக்கும்வரை ஷெல்லால் ஆபத்தில்லை. ஒரே ஓர் இடத்தில் பாஷ் மூட்டையைப் பிரித்தது. பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் எழுதிய இந்த ஷெல்லில் ஒரு வசதி இருந்தது. நாம் எழுதிய சிறு செயல்முறைகளையும் சேய்க்கு அனுப்பலாம். சூழலில் எழுத்துகள்தானே போகமுடியும்? அதனால் செயல்முறையின் வரிகள் ஒரு மாறியின் மதிப்பாகவே போயின. மதிப்பு ஒரு குறிப்பிட்ட அடைப்புக்குறியோடு தொடங்கினால், 'இது செயல்முறை' என்று சேய் பாஷ் எழுந்தவுடனே படித்து ஏற்றுக்கொண்டது. ஆனால் செயல்முறை முடிந்த பிறகும் நிறுத்தாமல், அதன் வாலில் ஒட்டியிருந்த கட்டளைகளையும் படித்து நிறைவேற்றிவிட்டது!

வீட்டுக் கணிப்பொறியில் இதனால் பெரிய கேடில்லை. பட்டியலை எழுதுபவர் நாமே. ஆனால் இணையத்தில் பக்கங்களை வழங்கும் கணிப்பொறிகள் பலவற்றில், பக்கம் கேட்பவரின் உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரும் ஒரு சூழல் மாறியாகச் சேர்க்கப்படும். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்தப் பெயரில் தாம் விரும்பியதை எழுதலாம். ஊர் பேர் தெரியாத ஒருவர் தண்டலின் தாளில் 'சரக்கைக் கடலில் கொட்டு' என்று எழுத, தண்டலும் படித்துப் பார்த்துக் கொட்டிவிட்டதுபோல ஆயிற்று. ஸ்டெஃபான் ஷாஸலா என்பவர் 2014 செப்டம்பரில் இதைக் கண்டுபிடித்து, பாஷைப் பராமரித்துவந்த செட் ரேமிக்குத் தெரிவித்தார். அந்த மாதம் 24-ஆம் நாள் செய்தி வெளியானது. ஓரிரு நாட்களுக்குள் திருடர்கள் அந்த வழியாக நுழையத் தொடங்கிவிட்டார்கள். 25 ஆண்டுகளாகத் திறந்தே கிடந்த கதவு அது. யாரும் தள்ளிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிழைக்கு 'ஷெல்ஷாக்' என்று பெயர் வைத்தார்கள்.

திருத்தம் எளிது. செயல்முறையை ஏற்றுக்கொண்டதும் படிப்பதை நிறுத்துவது ஒன்று. செயல்முறைகளைச் சுமக்கும் மாறிகளுக்கு மட்டும் தனி அடையாளமுள்ள பெயர் வைத்து, மற்ற எந்த மாறியையும் பிரித்துப் பார்க்காமல் இருப்பது மற்றொன்று. பழைய மடிக்கணினியை வெளியே எடுத்தவர்கள் அதை இணையத்தில் இணைப்பதற்கு முன் பாஷைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பிறகு 'என்வ்' என்று மூன்றே எழுத்துகள் தட்டுங்கள். ஷெல் தன் சேய்களுக்குக் கொடுத்தனுப்பும் பட்டியல் முழுவதும் திரையில் ஓடும்: உங்கள் பெயர், உங்கள் கோப்புறை, கணிப்பொறி உங்களோடு பேசும் மொழி, கட்டளைகளைத் தேடும் வழிகள். ஏற்றுமதி செய்த 'துறை'யும் அதில் எங்கேனும் இருக்கும், தேடிப் பாருங்கள்.